மரமில்லாத சரிவு

பெனாசிருக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதாணி. காயட்டும் என்று கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் நிக்காஹ். உத்தமபாளையத்து வீட்டில் உறவுக்கூட்டம் நெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவள் மடியில் கிடந்த போன் அடிக்க ஆரம்பித்தது.

"யாராச்சும் எடுங்களேன்! வீடியோ கால் வருது!"

ஒரு சின்னம்மா எடுத்துத் திறந்ததும் திரை முழுக்க வெள்ளை. அப்புறம் அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரங்குக் குல்லாய் போட்ட ஒரு முகம், மூக்கு நுனி சிவக்க, பல்லெல்லாம் தெரிய எட்டிப் பார்த்தது.

"ஏ கல்யாணப் பொண்ணு! இங்கன பாரு! எப்படி இருக்கு பாரு! அள்ளி அள்ளித் தின்னாலும் தீராது போல!"

கூடமே சிரித்தது. வியாகுலமேரியின் குரலுக்குப் போனே தேவையில்லை, சுருளிப்பட்டியிலிருந்து கூப்பிட்டால் கம்பத்தில் கேட்கும் என்பார்கள். பெனாசிரின் அம்மா ஜெய்த்தூன் பீவிக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் இருந்தது. கொடி வெட்டிவிடும் கவாத்திலிருந்து காய் அறுப்பு வரைக்கும் வியாகுலமேரியும் அவளோடு சேர்ந்த பெண்களும்தான் பார்த்தார்கள். கவாத்து முடிந்த கையோடு டெல்லி, ஆக்ரா, மணாலி என்று சுற்றுலா கிளம்பியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்கு முன்னால் மதுரையைத் தாண்டியதில்லை.

பெனாசிரின் அக்கா ரிஸ்வானா பின்கட்டில் சீர்த்தட்டுகளுக்குக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டிருந்தவள், சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தாள். அவளுக்கு வேலையே மணாலியில்தான். மலைச்சரிவில் பனியைக் குழியாகத் தோண்டி, எந்த அடுக்கு எப்படிப் படிந்திருக்கிறது, எது எதன் மேல் ஒட்டவில்லை என்று பார்த்து, எங்கே சரியும் என்று முன்கூட்டிச் சொல்லும் குழுவில் இருந்தாள். அங்கே அது அவளுக்கு மூன்றாவது குளிர்காலம். தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தவளிடம் வந்து இறங்கின நாளிலிருந்து உறவுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஐஸைத் தோண்டிப் பாக்குறதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

தங்கையின் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் பனியை வீசி விளையாடினார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் வாடகைக் கோட்டு. பின்னால் அவர்களுடைய வேன் நின்றது. வேனுக்குப் பின்னால்...

ரிஸ்வானா தங்கையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் போனைப் பறித்தாள்.

"மேரியக்கா, நான் ரிஸ்வானா. போனைப் பின்னாடி திருப்புங்க. மேல, மலைப் பக்கம்."

"என்னத்தா, நீ பாக்காத மலையா?"

"திருப்புங்கக்கா!"

காட்சி ஆடி ஆடி மேலே போனது. இரண்டு பக்கமும் கறுகறுவென்று தேவதாருக் காடு. நடுவில், தலைக்கு வகிடு எடுத்த மாதிரி, அகலமான ஒரு வெள்ளைப் பட்டை. அதில் ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. உச்சியிலிருந்து வழுவழுவென்று இறங்கி, சாலையைக் கடந்து, கீழே ஆற்றுக்குப் போயிற்று. பட்டையின் ஓரத்து மரங்களில் மலையைப் பார்த்த பக்கம் கிளையே இல்லை. யாரோ அரிவாளால் கழித்துவிட்ட மாதிரி மொட்டையாக நின்றன. உச்சி விளிம்பிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கத்துப் பனியையெல்லாம் வாரி இந்தப் பக்கம் கொட்டுகிறது.

வகிட்டின் நடுவில், சாலையில், வேன் நின்றது.

ரிஸ்வானா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"எவ்வளவு நேரமாக்கா அங்கன நிக்கிறீங்க?"

"காலையிலருந்து. முன்னாடி ஏதோ லாரி வழுக்கிக் குறுக்க நிக்குதாம். பனி அள்ளுற மெசின் வரணும், வண்டிக்குள்ளயே இருங்கன்னு சொல்லிட்டாக. ராத்திரி பூரா கொட்டுச்சு. இப்பத்தான் விட்டுச்சு, அதான் எறங்கி ஆடுறோம்."

"நடக்கும்போது காலுக்கடியில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

வியாகுலமேரிக்குப் பக்கத்திலிருந்து வேறொரு முகம் நுழைந்தது. ஜெசிந்தா. கூட்டத்தில் இளையவள். "கேட்டுச்சுக்கா! அந்த மேட்டுல ஏறுனப்ப 'தொம்'முன்னு ஒண்ணு. நெலமே ஒரு சாண் உக்காந்த மாதிரி இருந்துச்சு. நாங்க பயந்து, அப்புறம் சிரிச்சோம்."

ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாகத் தோண்டிய குழி ரிஸ்வானாவின் கண்முன் வந்தது. அடியில், கார்த்திகைக் குளிரில் விழுந்த பழைய பனி, சீனி மாதிரி உதிரி உதிரியாக இருந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்து ஓடியது. அதன் மேல் எவ்வளவு புதுப்பனி விழுந்தாலும் பிடிமானம் கிடையாது. இப்போது ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. காற்று வேறு கூட்டி வைக்கிறது. அந்தத் 'தொம்' என்பது அடியில் இருந்த சீனி நொறுங்கின சத்தம்.

"அக்கா, ஆடிக் காத்துல நம்ம மேக்குத் தோட்டத்துத் திராட்சைப் பந்தல் விழுந்துச்சே. எப்படி விழுந்துச்சு?"

"மூலையில நிக்கிற கல்லுத்தூணு ஒண்ணு சாஞ்சுச்சு. சாஞ்ச வேகத்துல மொத்தப் பந்தலும்..." வியாகுலமேரி நிறுத்தினாள். திரும்பி மேலே பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதேதான். அந்த மலை முழுக்க ஒரே பந்தலா நிக்குது, அடியில கல்லு சாய ஆரம்பிச்சிருச்சு. எல்லாரையும் அந்த எடத்தை விட்டு வெளியேத்துங்க. இப்பவே. சாமான் ஒண்ணும் வேணாம்."

கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. வாசல் பந்தலில் மட்டும் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஜெய்த்தூன் பீவி வாசலைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் அதுவும் நின்றது. "அந்த ரேடியோவ அமத்துங்கடா!"

"வேன் டிரைவர்கிட்ட போனைக் குடுங்கக்கா."

டிரைவர் பஞ்சாபின் சமவெளிக்காரன், பிட்டு என்று பெயர். அவனுக்குத் தமிழ் தெரியாது, இந்தப் பெண்களுக்கு இந்தி தெரியாது. ரிஸ்வானா இந்தியில் பேசினாள். வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் மேடம், ஹீட்டர் ஓடுகிறது, வெளியே நின்றால் இந்த அம்மாக்கள் விறைத்துப் போவார்கள், வண்டியை விட்டுப் போனால் என் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று அவன் அடுக்கினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"அண்ணா, இந்த மலைப் பனியத் தோண்டிப் பாக்குறதுதான் என் வேலை. நான் சொல்றதை நம்ப வேணாம். நீங்களே மேல பாருங்க. மரம் ஏன் இல்லைன்னு யோசிங்க. அது பனி சரிஞ்சு எறங்குற தடம்."

பிட்டு தலையைத் தூக்கினான். அவன் பார்க்கும்போதே மேலே பாறைகளுக்கு இடையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கோடு, மாவு கொட்டுகிற மாதிரி, சத்தமில்லாமல் இறங்கிப் பாதியில் நின்றது.

"இறங்குங்க!" என்று பிட்டு கத்தியது இந்திதான். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

"மேரியக்கா, முன்னாடி பக்கம் வளைவுல பெரிய மரமா அடர்த்தியா இருக்கா? மலைப் பக்கமும் கிளை இருக்கா பாருங்க. அந்தக் காட்டுக்குள்ள போங்க. கும்பலாப் போகாதீங்க. ஒருத்தருக்கும் அடுத்தவுகளுக்கும் நடுவுல பந்தல்ல ரெண்டு கல்லுத்தூணு தூரம் இருக்கட்டும். கோட்டுப் பட்டனைப் போடுங்க, துணிய மூக்குல சுத்திக்கங்க."

"சத்தம் போடாமப் போகச் சொல்லு," என்றாள் சின்னம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு. "சத்தத்துக்கே பனி விழுமாம்ல."

"அதெல்லாம் கிடையாது சின்னம்மா. கத்தட்டும். எவ்வளவு முடியுமோ கத்தட்டும். மேரியக்கா, பின்னாடி நிக்கிற வண்டிக்காரங்களையும் எறக்குங்க!"

அது வியாகுலமேரிக்கு ஏற்ற வேலை. பின்னால் ஒரு லாரியும், குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருந்த காரும் நின்றன. அவள் கார்க் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளே இருந்த மனிதர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி என்னவோ கேட்டார். "மலை வருதுய்யா, மலை!" என்று அவள் தமிழிலேயே கத்தி, கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை போனபிறகு பெற்றவர்கள் ஓடிவராமல் என்ன செய்வார்கள்? லாரிக்காரரும் பின்னால் குதித்தார். வரும்போதே வண்டியிலிருந்து ஒரு கடப்பாரையும் மண்வாரியும் எடுத்துக்கொண்டார்.

ரிஸ்வானா அம்மாவின் போனில் மணாலியில் இருந்த தன் குழுக்காரரைப் பிடித்தாள். எந்த இடம், எத்தனை வண்டி, என்ன பார்த்தேன் என்று படபடவென்று சொன்னாள். மீட்புக்காரர்களைக் கிளப்புகிறேன் என்றார் அவர். ஒரு காதில் அந்தப் போன், கையில் இந்தப் போன். பெனாசிர் எழுந்து வந்து, மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, தோளால் அக்காவுக்கு முட்டுக் கொடுத்து நின்றாள்.

"வந்துட்டோம்த்தா, மரத்துக்குள்ள வந்துட்டோம்!" வியாகுலமேரிக்கு மூச்சு வாங்கியது.

கூடத்தில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

"ஆளை எண்ணுங்கக்கா."

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "ஜான்சி எங்க? ஏ ஜெசிந்தா, ஜான்சி எங்கடி?"

"தலைவலின்னு மாத்திரை போட்டுட்டு வேன்ல பின்சீட்டுல படுத்திருந்தாளே. கம்பளியப் போத்திக்கிட்டு..."

அதற்குமேல் போனில் வானமும் கிளையும் மாறி மாறித் தெரிந்தன. போனை ஜெசிந்தாவின் கையில் திணித்துவிட்டு வியாகுலமேரி திரும்பி ஓடிவிட்டாள். ஆபத்தில் மாட்டிய ஒருவரை எடுக்க இரண்டாவது ஆளை அனுப்பாதே என்பது ரிஸ்வானா படித்த முதல் பாடம். "போகாதீங்கக்கா" என்று வாயைத் திறந்தாள். அது வெளியே வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பின்சீட்டில் கம்பளிக்குள் தூங்குகிற ஜான்சியை நினைத்தபோது, போகச் சொல்லவும் முடியவில்லை, போகாதே என்று சொல்லவும் முடியவில்லை.

"டிரைவரும் ஓடுறார்க்கா," என்றாள் ஜெசிந்தா. "கதவத் தொறந்துட்டாக. எழுப்புறாக. வெளிய வந்துட்டா! செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறா, கிறுக்கச்சி... மேரியக்கா இழுத்துட்டு வராக. வராக. பாதி வந்துட்டாக..."

அப்போது போனில் ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. தொலைவில் ஒரு டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, கொட்டி முடிக்காமல், பெருகிப் பெருகி வந்தது.

"அக்கா, மலை... மலை ஒடையுது!"

"மரத்தைக் கட்டிப் பிடிங்க! எல்லாரும்! மூஞ்சிய மூடுங்க!"

திரை வெளுத்தது. அப்புறம் கறுத்தது. உஸ் என்று ஒரு இரைச்சல், அதற்குள் பெண்களின் அலறல், மரம் முறியும் சத்தம். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

"ஜெசிந்தா? ஜெசிந்தா!"

இருமல். "இருக்கேன்க்கா. நாங்க இருக்கோம். எல்லாம் வெள்ளை. வேனைக் காணோம்க்கா. ரோட்டையே காணோம்!"

"மேரியக்கா?"

"இந்தா இருக்காக. காட்டு ஓரத்துல விழுந்து கெடக்காக, டிரைவரும். எந்திரிக்கிறாக." அப்புறம் தூரத்திலிருந்து, தெளிவாக, வியாகுலமேரியின் ஓலம். "கையப் பிடிச்சிருந்தேனே! உருவிருச்சே! பிடிச்சிருந்தேனே!"

கால் மணி நேரம் தாண்டினால் பனிக்குள் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். ரிஸ்வானா அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடி, தான் அந்தச் சரிவில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட நிதானமாக வந்தது.

"ஜெசிந்தா, அழாதே. மேல பாத்துக்கிட்டே இருக்க ஒருத்தரை நிறுத்து. திரும்ப வந்தா கத்தணும். நிறுத்திட்டியா? சரி. ஜான்சிய கடைசியா எங்க பாத்தீங்க? அந்த எடத்துல மேரியக்காவ நிக்கச் சொல்லு. அவுகளுக்கு நேர் கீழ, பனி ஓடுன பக்கமாத் தேடுங்க. துணி, செருப்பு, கம்பளி எது தெரிஞ்சாலும் சொல்லுங்க. நல்லா உத்துப் பாருங்க."

காலடிச் சத்தம். பனி நொறுங்கும் சத்தம். "செருப்பு! ஒத்தச் செருப்புக் கெடக்குக்கா!"

"அதைச் சுத்திக் கடப்பாரையால குத்திப் பாருங்க. மெதுவா, நேரா இறக்குங்க. கல்லுல பட்டா டக்குனு நிக்கும். ஆள்மேல பட்டா மெத்தையில குத்துன மாதிரி இருக்கும்."

லாரிக்காரர் குத்துவது கேட்டது. ஒரு இடம், தள்ளி இன்னொரு இடம், இன்னும் கொஞ்சம் கீழே. ஜெய்த்தூன் பீவி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் கூடத்தில் யாரோ ஒருவர் முனகினார்கள்.

"என்னமோ மெத்துன்னு இருக்காம்க்கா! கையக் காட்டுறார்!"

"கடப்பாரைய அங்கனயே விட்ருங்க, எடுக்காதீங்க. நேர் மேல நின்னு தோண்டாதீங்க, அவ மூச்சு அடைபடும். ஒரு எட்டுக் கீழ நின்னு, பக்கவாட்டுல அறுத்து உள்ள போங்க."

"பனி கல்லாட்டம் இறுகிப் போச்சுக்கா!"

"இறுகத்தான் செய்யும். தோண்டுங்க!"

மண்வாரி ஒன்றுதான். மற்றவர்கள் கையாலேயே தோண்டினார்கள். வாழ்நாளெல்லாம் கொடிக்கு அடியில் மண்ணைக் கொத்தி அணைத்த கைகள் அவை. ஒருத்தி பறிக்க, அடுத்தவள் வார, அதற்கடுத்தவள் தள்ள, யாரும் சொல்லாமலே வரிசை கூடிவிட்டது. வியாகுலமேரி நின்ற இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தாள். "ஜான்சி! ஏ ஜான்சி! இந்தா வந்துட்டோம்டி! தூங்கிராத!"

"முடி தெரியுது! தலை! தலை தெரியுது!"

"மூஞ்சிய முதல்ல எடுங்க. வாய்ல, மூக்குல இருக்குற பனிய விரலை விட்டு எடுங்க. மூச்சு இருக்கா?"

ஜெசிந்தாவின் விரல் பனியை நோண்டும் சத்தம் கேட்டது.

"ஜெசிந்தா! மூச்சு இருக்கா?"

"உதடு நீலமா இருக்குக்கா. தெரியல. தெரியல..."

"நெஞ்சு மேல இருக்குறதத் தள்ளுங்க, நெஞ்சு விரியட்டும். அப்புறம் மூக்கைப் பிடிச்சு, அவ வாய்ல உன் வாயை வெச்சு ஊது. ஊது ஜெசிந்தா!"

ஊதும் சத்தம். மறுபடி ஊதும் சத்தம். மறுபடியும். அப்புறம், வறண்ட தொண்டையில் ஒரு கரகரப்பு. அதைத் தொடர்ந்து ஒரு இருமல், அடைப்பை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி.

"இருமுறா! இருமுறாக்கா! கண்ணு முழிச்சிட்டா!"

கூடம் வெடித்தது. சின்னம்மா கைதட்டினாள். ஜெய்த்தூன் பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெனாசிர் எல்லாவற்றையும் மறந்து அக்காவைக் கட்டிப் பிடித்ததில் ரிஸ்வானாவின் முதுகு, தோள், கழுத்து எல்லாம் மருதாணி. ரிஸ்வானா அழுதுகொண்டே, "அவளைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போங்க, அங்கன நிக்காதீங்க, இன்னொன்னு வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக் கோட்டை மாற்றச் சொன்னாள், நடுவில் போட்டு நாலு பேர் சுற்றி அணைத்துக்கொள்ளச் சொன்னாள். இருட்டுவதற்குள் மீட்புக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு தடவை சரியவும் செய்தது. ஆனால் அப்போது அந்த வழியில் யாரும் இல்லை.

ஜான்சிக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல். வியாகுலமேரிக்கு முகமெல்லாம் சிராய்ப்பு. பிட்டுவின் வேன் ஆற்றங்கரையில் கூரை நசுங்கிக் கிடந்தது. உயிர் பிழைத்து வந்தவனைத் திட்ட அவன் முதலாளிக்கு மனசு வரவில்லையாம். மறுநாள் நிக்காஹ் நடந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வியாகுலமேரி வீடியோவில் வந்து போட்ட குலவையில் மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் போனார்கள்.

ஊர் திரும்பியதும் பெண்கள் நேராக உத்தமபாளையத்துக்குத்தான் வந்தார்கள். ரிஸ்வானா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவளுக்கு மதுரையில் ரயில். ஜான்சி கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கட்டுப் போட்டிருந்தாள். ரிஸ்வானாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பனிக்குள்ள இருட்டா இருந்துச்சான்னுதான் எல்லாரும் கேக்குறாக," என்றாள் ஜான்சி. "இருட்டே இல்லக்கா. நீலமா இருந்துச்சு. அசைய முடியல, சொட்டு நீலம் போட்ட தண்ணிக்குள்ள கண்ணு முழிச்ச மாதிரி. மேரியக்கா கத்துனது ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. நான் கத்துனதுதான் யாருக்கும் கேக்கல."

ரிஸ்வானா தோண்டிய குழிகளின் சுவர் வெயிலில் அப்படித்தான் நீலமாக ஒளிரும். அதற்குள்ளிருந்து ஒருவர் திரும்பி வந்து சொல்லி அவள் கேட்டதில்லை. "எந்தப் பக்கம் மேலன்னு தெரிஞ்சுதா? மூச்சு விட எடம் இருந்துச்சா? கை எங்க இருந்துச்சு?" என்று அடுக்கினாள். ஜான்சி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள்.

"அடுத்த வருசம் உன்னோடதான் வருவோம்," என்றாள் வியாகுலமேரி. "நீ முன்னாடி நடக்கணும். எங்க கால் வைக்கலாம்னு நீ சொல்லு, அங்கன வைக்கிறோம்."

"திரும்ப வருவீங்களாக்கா?"

"ஏன் வராம? பாதி மலை பாக்கி இருக்குல்ல!"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜான்சி நல்ல கையால் ரிஸ்வானாவின் பையைத் தூக்க, அதைப் பிடுங்க நாலு பேர் பாய்ந்தார்கள்.